எல்லாக் கேள்விக்கும் ஒரே வரைபடமா?

கைப்பேசி வரைபடத்தில் நீலகிரியின் பைக்காரா ஏரியைத் திரை நிறையப் பெரிதாக்கிக்கொண்டு, உருப்பெருக்கத்தை மாற்றாமல் அப்படியே ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு நகர்ந்தால், அங்குள்ள ஏரிகள் பிரம்மாண்டமாகத் தெரியும். அவற்றில் பல உண்மையிலேயே பெரியவைதான். ஆனால் பைக்காரா ஏரியின் அதே பரப்பளவுள்ள ஏரி ஒன்று அங்கே இருந்தாலும், திரையில் அது மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகவே விரியும். சுவிட்சர்லாந்தில் இருந்தால் இரண்டு மடங்கு. லடாக்கின் லே நகரத்தருகே என்றால்கூட நாற்பது சதவீதம் அதிகம். இணையத்தில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் கோட்டுச்சட்டத்தின் ஒரு வடிவத்தில் அமைந்தவை என்பதே காரணம். உருண்டையான பூமியைத் தட்டையான பரப்பில் விரிப்பதற்கான கணித ஏற்பாட்டைத்தான் கோட்டுச்சட்டம் என்கிறோம். மெர்கேட்டரின் ஏற்பாட்டில், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெருத்துக்கொண்டே போகும். நீலகிரியை ஸ்காட்லாந்தோடும் சுவிட்சர்லாந்தோடும் ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த ஒப்பீட்டை இந்த வரைபடத்தில் செய்வது, ஒரு தட்டில் முன்கூட்டியே கல் வைத்த தராசில் நிறுப்பதற்குச் சமம்.

இதன் அளவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பைக்காரா ஏறக்குறைய 11.5 டிகிரி வட அட்சக்கோட்டில் இருக்கிறது. அங்கே மெர்கேட்டர் நீளத்தை இரண்டு சதவீதமும் பரப்பை நான்கு சதவீதமும் மிகைப்படுத்துகிறது. அதாவது, ஏறத்தாழ உண்மையைச் சொல்கிறது. டெல்லிக்குப் போனால் பரப்பில் முப்பது சதவீத மிகை. 60 டிகிரியில் நான்கு மடங்கு. கிரீன்லாந்தின் நடுவே பத்து மடங்குக்கு மேல். கிரீன்லாந்தின் உண்மைப் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். திபெத் பீடபூமியின் பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய பீடபூமி உலகின் மிகப் பெரிய தீவைவிடப் பெரியது என்பதை, மெர்கேட்டரை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவர் எளிதில் நம்ப மாட்டார். அவர் பார்த்த படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு போட்டி போடும். திபெத்தோ இமயமலையின் பின்புறத்தில் ஒரு பழுப்புத் திட்டு. ஆப்பிரிக்காவின் பரப்பு 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல், கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு. நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் நிலப்பரப்பையும் கூட்டினால் சுமார் 11 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும், 32.9 லட்சமுள்ள இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. மெர்கேட்டரில் அந்த மூன்றும் சேர்ந்து இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரியும். அண்டார்க்டிகாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். துருவத்தை இந்த முறையில் காட்டவே முடியாது என்பதால், அந்தக் கண்டம் படத்தின் அடியில் முடிவில்லாத வெள்ளைப் பட்டையாகக் கிடக்கும்.

இதை ஐரோப்பியரின் சதி என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569இல் இந்தப் படத்தை வெளியிட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனியே பிறக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மாலுமிகளுக்கான ஒரு வசதி. திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் செல்லும் பாதை, தாளில் நேர்க்கோடாக விழ வேண்டும். அதற்காகக் கோணங்களைக் காப்பாற்றி, பரப்பைக் கைவிட்டார். கடலோடிக்குக் கிரீன்லாந்தின் பரப்பளவு தேவையில்லை. அதன் கரை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தேவை. இந்த மிகைப்படுத்தலால் அதிகம் ஆதாயம் பெற்றவையும் பாரிசோ லண்டனோ அல்ல; சைபீரியாவும் கனடாவின் வடகோடியும் அலாஸ்காவும்தான். உலகை ஆள நினைத்தவர் எவரும் பனிப்பாலைவனத்தைப் பெரிதாக்கிக் காட்ட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். தவறு நடந்தது பிற்பாடுதான். கடலுக்காகச் செய்த படத்தை எடுத்து வகுப்பறைச் சுவரில் மாட்டினார்கள். எந்த நாடு பெரிது, எந்தப் பாலைவனம் விரிந்தது, எங்கே எவ்வளவு காடு இருக்கிறது என்று அதனிடம் கேட்கத் தொடங்கினார்கள். பதில் சொல்ல வராத கேள்விகளை அந்தப் படத்திடம் நாமே கேட்டுவிட்டு, பதில் கோணலாக இருக்கிறது என்று மெர்கேட்டரைத் திட்டுவதில் பொருளில்லை.

2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம், மெர்கேட்டர் உலகப் படத்தைக் கைவிட வேண்டும் என்ற இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்தது. அதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது, 2018இல் டாம் பேட்டர்சன், பெர்ன்ஹார்ட் ஜென்னி, போயன் ஷாவ்ரிச் மூவரும் உருவாக்கிய ஈக்வல் எர்த் கோட்டுச்சட்டம். அதில் ஒவ்வொரு நாடும் தன் உண்மைப் பரப்புக்கு ஏற்ற இடத்தைப் பிடிக்கும். வடிவமும் கண்ணை உறுத்தாது. இதற்கு முன்பே 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் ஒரு சமபரப்புப் படத்தை விளம்பரப்படுத்தினார். அது உண்மையில் 1855இலேயே ஜேம்ஸ் கால் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சொன்னதுதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் 2017இல் பீட்டர்ஸ் படத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தபோது பெரிய விவாதம் நடந்தது. அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் மேலிருந்து கீழாக இழுத்து நீட்டப்பட்டிருக்கும். வரைபடக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. நமது பாடநூல்களில் உலகப் பரப்பு சம்பந்தப்பட்ட எந்தப் படமானாலும், அதாவது மழையளவு, காடு, மக்கள்தொகை, பாலைவனம், பீடபூமி எதுவானாலும், அது சமபரப்புக் கோட்டுச்சட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஈக்வல் எர்த் இருக்கும்போது பீட்டர்ஸின் அழகற்ற படத்தை ஏற்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு கனமானது. எந்தத் தட்டைப் படமும் பொய்தானே, ஒரு பொய்க்குப் பதில் இன்னொரு பொய் எதற்கு என்பார்கள். கணிதம் அவர்கள் பக்கம் இருக்கிறது. கோளப் பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக்க முடியாது என்பது கார்ல் பிரெடரிக் காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து நேராக வரும் முடிவு. கோணத்தைக் காத்தால் பரப்பு போகும். பரப்பைக் காத்தால் வடிவம் கோணும். இரண்டையும் பாதிப் பாதி சமரசம் செய்தால் இரண்டுமே கொஞ்சம் கெடும். நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் 1988இல் ராபின்சன் கோட்டுச்சட்டத்துக்கு மாறியதும், பத்தே ஆண்டுகளில் அதையும் விட்டு விங்கல் டிரிப்பெல் என்ற இன்னொன்றுக்கு மாறியதும் இந்தச் சமரசத்தின் கதைதான். ஆனால் எல்லாப் படமும் சிதைக்கிறது என்பதிலிருந்து எல்லாச் சிதைவும் ஒன்றே என்ற முடிவுக்குப் போக முடியாது. பரப்பைப் பற்றிய கேள்விக்குப் பரப்பைச் சிதைத்த படத்தைக் காட்டுவதும், வடிவத்தைச் சிதைத்த படத்தைக் காட்டுவதும் ஒரே குற்றம் ஆகாது. சிதைவு இருக்கும் என்று தெரிந்தபின், கேட்கும் கேள்விக்குத் தொந்தரவு தராத இடத்தில் அதை ஒதுக்கி வைப்பதுதான் வரைபடம் செய்பவரின் வேலை.

இரண்டாவது மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். பைக்காராவில் நான்கு சதவீதம்தானே பிழை, நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். மெர்கேட்டரைப் பொறுத்தவரை கேள்வி சரியானதே. நம்மை அது சுருக்கவில்லை, பிறரைப் பெருக்குகிறது. ஆனால் பைக்காராவில் நிற்கும்போது வேறொரு சிதைவு கண்முன் வருகிறது. அது நான்கு சதவீதத்தில் அடங்குவதில்லை. உலகப் படங்களைப் பற்றிய வாதங்களில் அதை யாரும் பேசுவதும் இல்லை. எந்தக் கோட்டுச்சட்டமானாலும், மெர்கேட்டரோ ஈக்வல் எர்த்தோ, மலையை முதலில் கடல் மட்டத்துக்கு அமுக்கிவிட்டுத்தான் விரிக்கத் தொடங்குகிறது. உயரம் என்ற பரிமாணமே அங்கே வெளியேறிவிடுகிறது. ஸ்காட்லாந்து ஏரிகளோடு ஒப்பிட்ட பைக்காரா ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டன் முழுவதிலும் உயரமான பென் நெவிஸ் சிகரத்தின் உச்சி 1,345 மீட்டர். அவர்களுடைய சிகரத்தைவிட நம்முடைய ஏரி அறுநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் கிடக்கிறது. இதைத் திரையிலுள்ள தட்டைப் படம் ஒரு வார்த்தையும் சொல்லாது.

பைக்காரா என்ற பெயர் தமிழ்நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றதே அந்த உயரத்தால்தான். 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்தி சிகரப் பகுதியில் தோன்றும் ஆறு, பீடபூமியின் மேலே வடக்கு நோக்கி நிதானமாக நடந்து, அதன் விளிம்பில் விழுந்து இறங்குகிறது. கீழே போனதும் மோயாறு என்று பெயர் மாறி, பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கித் திரும்பி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. தோடர்களுக்குப் புனிதமான ஆறு இது. மேலே தண்ணீரைத் தடுத்து, கிளன்மார்கனிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறக்கி, அடிவாரத்திலுள்ள சிங்காராவில் சுழலிகளைச் சுற்ற வைத்தால் மின்சாரம் கிடைக்கும் என்ற திட்டத்துக்கு, சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் இருந்த சி.பி.ராமசாமி ஐயர் பெரும் ஊக்கம் கொடுத்தார். 1932இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீர் விழும் உயரம் 3,000 அடிக்கு மேல். கோவை வட்டாரத்தின் பஞ்சாலைகள் முப்பதுகளில் அவ்வளவு வேகமாகப் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம் என்பது அந்நகரத்தின் தொழில் வரலாற்றை எழுதிய எவரும் மறுக்காத உண்மை.

இப்போது தட்டைப் படத்தில் இதைத் தேடுங்கள். கிளன்மார்கனும் சிங்காராவும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செங்குத்து வீழ்ச்சி இருப்பதற்கான தடயம் எதுவும் இருக்காது. ஒரு விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், குழாயிலும் இயந்திரத்திலும் ஏற்படும் இழப்பைக் கழிக்காமல், 8.8 மெகாவாட் ஆற்றல் கிடைக்கும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி என்பது தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதே அளவு தண்ணீர் அந்த 120 அடியில் இறங்கினால் கிடைப்பது 0.36 மெகாவாட். ஒப்பீடு தோராயமானதுதான், மின் நிலையத்துக்குக் கிடைக்கும் உயரமும் அணையின் நீர்மட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. பரப்பளவை மட்டும் காட்டும் படத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் கடல் போலவும் பைக்காரா குட்டை போலவும் தெரியும். ஒவ்வொரு சொட்டும் தரும் ஆற்றலைக் கேட்டால் வரிசை தலைகீழாகிவிடும். சாலையிலும் இதே கதைதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். காக்கை பறக்கும் தூரத்தைக் கொண்டு அந்தப் பயணத்தைக் கணக்கிட்டவர் வண்டியின் பிரேக்கைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

இங்கே அவசரப்பட்டுத் தட்டைப் படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. நில அளவையில் சரிவின் நீளத்தை எண்ணுவதில்லை. கிடைமட்டப் பரப்பையே பதிவு செய்கிறார்கள். 30 டிகிரி சரிவில் உள்ள ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் மேற்பரப்பு உண்மையில் பதினைந்து சதவீதம் கூடுதல். 45 டிகிரியானால் நாற்பது சதவீதத்துக்கு மேல். பட்டாவில் அந்தக் கூடுதல் வராது. இது மோசடியா என்றால், இல்லை. மழை மேலிருந்து விழுகிறது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி எவ்வளவு மழையை வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கிடைமட்டப் பரப்புதான், சரிவின் மேற்பரப்பல்ல. பைக்காரா அணைக்கு நீர்வரத்தைக் கணக்கிட்ட பொறியாளர்கள் தட்டைப் பரப்பை எடுத்துக்கொண்டது முற்றிலும் சரி. ஆனால் அதே மழை மண்ணை எவ்வளவு அரித்துக்கொண்டு போகும் என்று கேட்டால், அதே எண் நம்மைத் தவறான இடத்தில் விட்டுவிடும். அங்கே சரிவே எல்லாம். கூடையைச் சுமந்துகொண்டு கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாளில் ஏறி இறங்கும் தூரத்தைக் கேட்டாலும் அப்படியே. ஒரே தோட்டம், ஒரே படம். மழையின் கேள்விக்கு நேர்மையாகவும் உழைப்பின் கேள்விக்கு நேர்மையற்றதாகவும் இருக்கிறது. உலகப் படத்தைப் பற்றி நடக்கும் பெரிய சண்டையில் உள்ள தத்துவம் முழுவதும் இந்த ஒரு ஏக்கரில் இருக்கிறது என்பேன்.

இதன் விளைவுகள் ஏட்டுக் கணக்கோடு நிற்பவை அல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த கனமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையில் கட்டடத்துக்கு இடம் பார்ப்பவர் கையில் சர்வே எண்ணும் எல்லைக்கோடும் மட்டும் உள்ள வரைபடம் இருந்தால், பாதுகாப்பான மேட்டுக்கும் சரியக் காத்திருக்கும் சரிவுக்கும் அவர் கண்ணில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒரே அளவுச் செவ்வகங்கள். மலை அடிவாரத்தில் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தைப் பற்றிப் பத்தாண்டுக்கு மேல் வழக்கு நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் அறிவிப்பை உறுதி செய்தது. அந்த வழக்கு நடந்த காலமெல்லாம் பொதுவெளியில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: இவ்வளவு காடு இருக்கும்போது யானைகள் ஏன் குறிப்பாக இந்த வழியாகத்தான் போக வேண்டும்? தட்டைப் படத்தைப் பார்த்தால் நியாயமான கேள்வி. பச்சை நிறம் நாலாபுறமும் விரிந்து கிடக்கிறது. உயரம் தெரியும் படத்தைப் பார்த்தால் கேள்வியே கரைந்துவிடும். தெற்கே நீலகிரிப் பீடபூமியின் சுவர் போன்ற விளிம்பு, வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு, நடுவே ஒரு குறுகிய சமநிலம். யானைகள் சரிவில் ஏறக்கூடியவைதான். குட்டிகளோடு ஒரு கூட்டம் ஆண்டுதோறும் இடம்பெயர அந்தச் சுவரைத் தேர்ந்தெடுக்காது. பைக்காராவுக்கு மின்சாரம் தந்த அதே செங்குத்து விளிம்புதான் யானைக்கு வழியைக் குறுக்கியது.

உயரத்தையும் சேர்த்துக் காட்டும் உலகப் படம்தானே புவியியல் அட்லஸில் இருக்கும் இயற்கை அமைப்புப் படம், அது போதாதா என்று கேட்கலாம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தாழ்நிலத்துக்குப் பச்சை, உயர்நிலத்துக்குப் பழுப்பு என்பது மரபு. அதனால் சகாராவின் தாழ்ந்த பகுதிகளும் தார் பாலைவனமும் பச்சையாகத் தெரியும். சோலைக்காடும் புல்வெளியும் நிறைந்த நீலகிரி வறண்ட பழுப்பில் இருக்கும். நிறத்தைத் தாவரம் என்று படித்துக்கொண்ட குழந்தைகள் எத்தனையோ. அளவின் சிக்கல் இன்னொன்று. ஒரு மீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டையில் எவரெஸ்ட் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தொட்டபெட்டா 0.2 மில்லிமீட்டர். கையால் தடவினால் மலை தட்டுப்படும்படி செய்த உருண்டைகள் எல்லாம் உயரத்தைப் பல மடங்கு மிகைப்படுத்தியவை. உலக அளவில் உயரத்தை உண்மையாகக் காட்டவே முடியாது என்பதே நிலை. ஆகவே உலகப் படத்தில் பரப்பு நேர்மையாக இருக்க வேண்டும்; உயரத்தை மாவட்டப் படத்துக்கு விட்டுவிட வேண்டும். ஒரு படத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசையே தவறுகளின் ஊற்று.

இதெல்லாம் நம் நில அளவையாளர்களுக்குப் புதிய செய்தி அல்ல. வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியாவை முக்கோணங்களால் பின்னத் தொடங்கினார். 1804இல் பெங்களூரு அருகே, ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், இன்னொரு அடிக்கோடு அளந்தார். உயரமான இடத்தில் அளந்த கோட்டைக் கடல் மட்டத்துக்குக் குறைத்துக் கணக்கிட்டால்தான் முக்கோணங்கள் பொருந்தும். பைக்காராவின் உயரத்தில் தரையில் அளந்த ஒரு கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு இறக்கினால் 31 சென்டிமீட்டர் குறைந்துவிடும். இன்று இந்திய நில அளவைத் துறை பொதுமக்களுக்கு வெளியிடும் படங்கள், 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி, யூ.டி.எம். என்ற கோட்டுச்சட்டத்தில் அமைந்தவை. அந்தக் கோட்டுச்சட்டம் பைக்காராவில் செய்யும் பிழை கிலோமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர்தான். உயரம் செய்யும் வேறுபாடு அதைப் போலப் பத்து மடங்கு. நிபுணர்கள் இந்த இரண்டையும் தனித்தனியே திருத்திக்கொள்கிறார்கள். பொதுமக்களுக்குத்தான் இரண்டும் இருப்பதாகவே சொல்லப்படுவதில்லை.

யூ.டி.எம். முறை உலகை ஆறு டிகிரி அகலமுள்ள மண்டலங்களாக நறுக்குகிறது. 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் சந்திக்கும் கோடு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு. அது தமிழ்நாட்டின் ஊடாக, திண்டுக்கல்லுக்குச் சற்றே கிழக்கே, மதுரைக்குச் சற்றே மேற்கே போகிறது. நீலகிரியும் கோவையும் நெல்லையும் ஒரு மண்டலம். சென்னையும் திருச்சியும் தஞ்சையும் வேறு மண்டலம். (லாம்டன் தொடங்கி ஜார்ஜ் எவரெஸ்ட் முடித்த பெரும் வில்கோடு என்ற அளவைத்தொடர் கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரை இந்த 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டியே சென்றது என்பது ரசிக்கத்தக்க தற்செயல்.) மாநிலம் முழுவதையும் ஒரே படத்தில் சேர்ப்பவர் ஏதோ ஒரு மண்டலத்தைத் தேர்ந்தாக வேண்டும். சென்னையை 43ஆம் மண்டலத்துக்குள் இழுத்தால் அங்கே கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டர் நீளும். பேருந்து வழித்தடம் வரைபவருக்கு இது பொருட்டல்ல. நிலத்துக்கு இழப்பீடு கணக்கிடுபவருக்குப் பொருட்டு. படத்தின் ஓரத்தில் எந்த மண்டலம் என்று ஒரு வரி இருந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. அந்த ஒரு வரி இல்லாத படங்கள் அலுவலகங்களில் கைமாறும்போதுதான் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

நான் கேட்பது மிகையானதல்ல. பள்ளிப் பாடநூலிலும் அரசு அறிவிப்பிலும் அச்சாகும் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் அதன் கோட்டுச்சட்டத்தின் பெயரும், அது எதைக் காக்கிறது எதைக் கைவிடுகிறது என்ற ஒரு வாக்கியமும் இருக்கட்டும். அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் போல அதுவும் கட்டாயமாகட்டும். மலை மாவட்டங்களில் கட்டடம், சாலை, வழித்தடம் சார்ந்த பொது அறிவிப்போடு வரும் படங்களைச் சமஉயரக் கோடுகள் இல்லாமல் வெளியிடக் கூடாது. செலவு ஆகும் என்று சொல்ல இடமில்லை. ஈக்வல் எர்த்தின் சூத்திரங்கள் எல்லோருக்கும் பொதுவானவை, கட்டணமில்லாத வரைபட மென்பொருள்களிலேயே அது இருக்கிறது. கைப்பேசியில் முப்பரிமாணக் காட்சி வந்துவிட்டதே என்போருக்கு ஒன்று சொல்லலாம்: அந்தக் காட்சி வியப்பைத் தரும், அளவைத் தராது. நீதிமன்றத்திலும் பட்டாவிலும் பாடநூலிலும் இன்னும் தட்டைப் படமே ஆட்சி செய்கிறது.

கடைசியாக, பிள்ளைகளுக்கு இது புரியாது என்ற மறுப்பு. கோட்டுச்சட்டத்தின் கணிதம் புரியாமல் போகலாம். அதன் விளைவு புரியாமல் போக வழியில்லை. உலகப் படத்தில் தொடங்குவதால்தான் அது கடினமாகத் தெரிகிறது. நில அளவைத் துறையின் 1:50,000 அளவு டோபோ ஷீட்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சமஉயரக் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்று. கிளன்மார்கனிலிருந்து சிங்காரா வரை பென்சிலால் ஒரு கோடு போட்டு, அது வெட்டும் கோடுகளை ஏழாம் வகுப்பு மாணவி எண்ணட்டும். சில சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய ஐம்பது கோடுகள் வரும். இருபதால் பெருக்கினால் ஆயிரம் மீட்டர். அதே இரண்டு இடங்களைக் கைப்பேசித் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் படம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு ஆசிரியர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. அதன்பின் கிரீன்லாந்துக்குப் போகலாம்.